முந்தி வந்த வண்டி

ஆவுடையப்பன் வாயில் பிரஷ்ஷோடு வாசலுக்கு வந்து பார்த்தபோது ஆம்புலன்ஸ் வந்து நின்றிருந்தது. வீட்டில் யாருக்கும் ஒன்றும் இல்லை. யாரும் கூப்பிடவும் இல்லை. பயமே அதில்தான் இருந்தது.

வெளியூர்க்காரர்களுக்கு இது விளங்காது, சொல்லிவிடுவது நல்லது. போன தைப்பொங்கலில் இருந்து, சோதனை முயற்சியாக, திருநெல்வேலியில் மட்டும் ஆம்புலன்ஸ்கள் கூப்பிட்டு வருவதில்லை. முந்தியே வந்துவிடும். அந்த ஏற்பாட்டின் பெயரும் ‘முந்தி’தான். ஒருத்தர் கையில் கட்டியிருக்கும் கடிகாரம், மருந்துக்கடை பில், தூக்கம் கெட்ட நாட்கள், போனில் ரகசியமாகத் தேடிப் பார்த்த ‘இடது தோள் வலி எதனால்’ என்ற கேள்வி, எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டுப் பிசைந்து, இந்த வீட்டில் இன்னும் சில நாளில் ஒருவர் விழப்போகிறார் என்று கம்ப்யூட்டர் முடிவு கட்டும். கட்டியதும் வண்டி வந்து வாசலில் நின்றுகொள்ளும். விழுந்த கையோடு தூக்கிப் போட்டுக்கொண்டு போய்விடலாம். வீட்டில் யார் விழப்போகிறார் என்பதை மட்டும் சொல்லாது. அது தனிநபர் ரகசியமாம். வீட்டைக் காட்டலாம், ஆளைக் காட்டக் கூடாது என்று சட்டம். அந்தச் சட்டத்தை எழுதினவர் தனியாகக் குடியிருப்பவராகத்தான் இருக்க வேண்டும்.

ஆவுடையப்பனுக்குப் பயத்துக்கு முன்னால் சந்தேகம் வந்தது. அவருக்கு எப்போதும் வரிசை அப்படித்தான். மாநில அவசர ஊர்திக் கழகத்தில் அவர் கொள்முதல் மேலாளர். பஞ்சு வாங்கினால் எடை போட்டு, முகர்ந்து, தண்ணீரில் முக்கிப் பார்த்துத்தான் வாங்குவார். ஸ்ட்ரெச்சர் விற்க வந்த கம்பெனிக்காரரையே அதில் படுக்க வைத்து மாடிப்படியில் இறக்கச் சொன்னவர். அந்த ஆள் பாதிப் படியில் விலையைக் குறைத்துவிட்டார் என்று அலுவலகத்தில் இன்றும் பேசிக்கொள்வார்கள்.

‘முந்தி’ நன்றாக வேலை செய்கிறது என்று வெள்ளிக்கிழமை அவர் கையெழுத்துப் போட வேண்டும். போட்டால் மாநிலம் முழுக்க அதை வாங்குவார்கள். இன்று செவ்வாய்க்கிழமை, வாசலில் வண்டி.

“இது மிரட்டலா, மரியாதையா?” என்று வாயில் நுரையோடு கேட்டார்.

“ஏல, யாருக்குல வந்துருக்கு?” என்று உள்ளேயிருந்து அப்பா கேட்டார். அப்பா சங்கரபாண்டி, ரிட்டயர்ட் பஸ் கண்டக்டர். சர்க்கரை உண்டு, முழங்காலில் தெம்பு இல்லை.

“சொல்லமாட்டாங்கப்பா.”

“எனக்குன்னா இப்பவே ஏத்திக்கிட்டுப் போகச் சொல்லு. சும்மா நிப்பாட்டி வச்சு டிரிப்பக் கெடுக்காண்டாம்.”

மனைவி செண்பகம், டீச்சர், பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவள், வாசலைப் பார்த்தாள். மாமனாரைப் பார்த்தாள். அப்புறம் வெகுநேரம் புருஷனைப் பார்த்தாள்.

“நேத்து மாடி ஏறையில மூச்சு வாங்குனீங்கள்ல?”

“மூச்சு எல்லாரும்தான் வாங்குதாங்க.”

“நீங்க கூடுதலா வாங்குனீங்க.”

அன்று வீட்டில் இருந்த நேரம் முழுக்க மூன்று பேரும் ஒருவரையொருவர் ஓரக்கண்ணால் பார்த்தபடி நடமாடினார்கள். ஒருவர் தும்மினால் மற்ற இருவரும் கரண்டியைக் கீழே வைத்தார்கள். குளியலறையில் தாழ்ப்பாள் போடக் கூடாது என்று செண்பகம் சொன்னாள். போடாமல் குளிப்பதைவிட விழுந்துவிடலாம் என்று அப்பா சொன்னார்.

சாயங்காலம் எதிர்வீட்டு மந்திரமூர்த்தி ஒரு பை ஆரஞ்சும் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலுமாக வந்தார். ‘முந்தி’ வந்தபிறகு ஊரில் புதிதாக முளைத்த வழக்கம் இது. செத்த வீட்டுக்குத் துட்டி கேட்கப் போவது அந்தக் காலம். இப்போது வண்டி நிற்கிற வீட்டுக்கு முன்துட்டி.

“அண்ணாச்சி, நாளைக்கு எனக்குத் தென்காசியில சோலி. அதான் இன்னைக்கே விசாரிச்சிட்டுப் போயிரலாம்னு வந்தேன்.”

“யார விசாரிக்க வந்திய?”

“அதத்தான் கேக்க வந்தேன்” என்றார் மந்திரமூர்த்தி. மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தார். ஆரஞ்சுப் பையை யார் கையில் கொடுப்பது என்று தடுமாறி, கடைசியில் மேஜையில் வைத்தார். வெளியே பந்தல்காரர் ஒருவர் சைக்கிளை நிறுத்தி, வாசலின் அகலத்தைக் கண்ணாலேயே அளந்துவிட்டு, ஒன்றும் நடக்காதது போல மிதித்துப் போனார்.

மறுநாள் காலையில் ஆவுடையப்பன் வண்டியருகே போனார். டிரைவர் பேச்சிமுத்து ஸ்டியரிங்கில் தலை சாய்த்திருந்தார். மருத்துவ உதவியாளர் ஜெபசீலி பின்கதவைத் திறந்து வைத்து இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். சின்னப் பெண், நர்சிங் முடித்த கையோடு வந்தவள்.

“ஒங்கள இங்க அனுப்பச் சொன்னது யாரும்மா? ‘முந்தி’ கம்பெனிக்கார நிவேதனா?”

“யாரும் சொல்லல சார். ஸ்க்ரீன்ல வீடு வரும். வந்து நிப்போம்.”

“எத்தன நாளு நிப்பிய?”

“ஆள் ஏறுற வரைக்கும்.”

“யாரும் ஏறலன்னா?”

ஜெபசீலி இட்லியை மென்றபடி அவரைக் கொஞ்சம் பரிதாபமாகப் பார்த்தாள். “ஏறாம எப்படி சார்? வெறும் வண்டியாத் திரும்புனா கம்பெனிக்கு அபராதம்லா. கம்ப்யூட்டர் அதுக்கு வழியே வைக்கல. நாங்களா எடுத்துட்டுப் போவோம்னாலும் வண்டி நவுராது. ஸ்க்ரீன் சொல்லாம டிரைவர் வண்டி எடுக்கக் கூடாதுன்னு விதி. ரெண்டும் ஒங்க ஆபீஸ் விதிதான்.”

ஆபீஸ் விதி என்று பொதுவாகச் சொல்வானேன், இரண்டையும் எழுதினது ஆவுடையப்பன். ஒரு காலத்தில் ஆளே இல்லாமல் வண்டி ஓட்டினதாக எழுதி டீசலை விற்றார்கள். அதற்கு முதல் விதி. ஒரு டிரைவர் சைரன் போட்டுக்கொண்டு மாப்பிள்ளை வீட்டாரைக் கல்யாண மண்டபத்தில் இறக்கிவிட்டார், அதற்கு இரண்டாவது. ‘முந்தி’ வாங்கும்போது பழைய விதிகளை அப்படியே சேர்க்கச் சொன்னதும் அவர்தான். யாரும் ஏமாற்ற முடியாத டெண்டர் என்று கல்யாண வீடுகளில் சொல்லிப் பெருமைப்பட்டிருக்கிறார்.

“போன தடவ எங்க நின்னிய?” என்று மெதுவாகக் கேட்டார்.

“ஒரு ரிட்டயர்ட் எட்மாஸ்டர் வீடு சார். நல்லா நடமாடிட்டு இருந்தாரு. மொத நாளு எங்களுக்கே காப்பி போட்டுக் குடுத்தாரு. அப்புறம் கதவத் தொறக்கல. ஜன்னல் வழியா எங்களப் பாத்துக்கிட்டே இருப்பாரு. தூங்குன மாதிரியே தெரியல. பெறவு செவுத்தப் பிடிச்சு நடக்க ஆரம்பிச்சாரு. ஒரு நாளு காலையில அவராவே வந்து, ‘ஏறிக்கிடுதேம்மா, என்னால முடியல’ன்னுட்டாரு. பாத்தா பிரஷர் எங்கயோ இருக்கு.”

“கணக்குல எப்படிப் போச்சு?”

“கணிப்பு சரின்னு போச்சு.”

ஆவுடையப்பன் வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்தார். டயரைத் தொட்டுப் பார்த்தார். அந்த விஷயத்தில் டயர் குற்றவாளி இல்லைதான், ஆனாலும் பழக்கம்.

வியாழக்கிழமை அவர் வரச்சொல்லாமலேயே நிவேதன் அலுவலகத்துக்கு வந்தான். சென்னைப் பையன், ‘முந்தி’யின் தென்மண்டலப் பொறுப்பாளர். சட்டையில் சுருக்கமே விழாது. பேச்சிலும்.

“சார், உங்க வீட்ல வண்டி நிக்குதாமே. ரொம்ப வருத்தம். ஆனா ஒரு வகையில சந்தோஷம். சரியான நேரத்துல நிக்குது.”

“தம்பி, ஒண்ணு கேக்கேன். விழப்போறாங்கன்னு நீங்க நிக்கியளா, நீங்க நிக்கதால விழுதாங்களா?”

நிவேதன் சிரித்தான். “அது தத்துவம் சார். டெண்டர்ல அது கேக்கல.”

“வாசல்ல ஆம்புலன்ஸ் நின்னா எவனுக்குத்தான் நெஞ்சு படபடக்காது? அவன் சாப்பிடமாட்டான், தூங்கமாட்டான், ஒருநாள் தானே வந்து ஏறுவான். உங்க கம்ப்யூட்டரு கணிக்கல தம்பி. காத்துக் கெடக்கு. வெறும் வண்டியாத் திரும்பக் கூடாதுன்னு நான் சொன்னேன். அதுக்கு அது ஒரு வழி கண்டுபிடிச்சிருக்கு.”

“அப்படியே இருக்கட்டும் சார். ஏறினவங்களுக்கு ஏதோ ஒண்ணு இருந்துச்சா இல்லையா? பிரஷர், சுகர், ஹார்ட். ஒருத்தர்கூட சும்மா ஏறல.”

“நெசமாவே போன் பண்ணிக் கூப்புடுதவங்களுக்கு?”

“அதுக்குப் பழைய வண்டிங்க இருக்கு. அது தனி லிஸ்ட், வண்டி போய்ச் சேர்ற நேரத்துக்கு நாங்க காட்டற சராசரில வராது.” நிவேதன் நாற்காலியை முன்னால் இழுத்தான். குரலில் பணிவு கூடியது. ஆவுடையப்பனுக்குச் சந்தேகமும் கூடியது. “சார், உங்க நேர்மை ஊருக்கே தெரியும். ஒரே ஒரு கேஸ் காட்டுங்க. எங்க வண்டி நின்னு, அந்த வீட்டு ஆள் ஏறி, அவருக்கு ஒண்ணுமே இல்லன்னு ஒரே ஒரு கேஸ். நாளைக்கு நானே டெண்டரை வாபஸ் வாங்கிடறேன். இல்லன்னா நீங்க கையெழுத்துப் போடுங்க.”

மத்தியானம் சாப்பிட வீட்டுக்கு வந்தபோது ஆவுடையப்பன் மனதில் அந்த ஒரே ஒரு கேஸ்தான் ஓடிக்கொண்டிருந்தது. தெருமுனையிலேயே ஜெபசீலியின் சத்தம் கேட்டது. வண்டிக்குள் நின்று வயர்லெஸ்ஸில் கத்திக்கொண்டிருந்தாள்.

“நாங்க பக்கத்துல நிக்கோம்! வாய்க்கா கரை எங்களுக்கு ரெண்டு தெரு பின்னாலதான் இருக்கு! வண்டிய எடுக்க விடமாட்டக்கு!”

“என்னம்மா?”

“பாம்பு கடி சார். மாடத்தின்னு ஒரு அம்மா, புல்லறுக்க வந்த எடத்துல நல்லபாம்பு போட்டிருச்சாம். மக போன்ல அழுது. கண்ணு சொருகுது, மூச்சு இழுக்குங்கா. பழைய வண்டி அம்புட்டுத் தூரம் முக்கூடல்ல இருந்து வரணும். ஆட்டோவுல தூக்கிப் போட்டா வழியிலயே மூச்சு நின்னுரும். நம்ம வண்டிலதான் காத்து குடுக்கலாம்.”

பேச்சிமுத்து சாவியைத் திருகினார். ‘பயனாளிக்காகக் காத்திருக்கவும்’ என்று ஸ்க்ரீன் மரியாதையாகச் சொன்னது. இன்னொரு தடவை திருகினார். இன்னொரு தடவை மரியாதையாகச் சொன்னது.

“ஆள் ஏறிட்டா?” என்றார் ஆவுடையப்பன்.

“ஏறிட்டா ரோடு நம்ம இஷ்டம் சார். ஆனா இந்த வீட்டு ஆளா இருக்கணும். என்ன செய்யுதுன்னு வாயால சொல்லணும்.”

சத்தம் கேட்டு வாசலுக்கு வந்திருந்த அப்பா, கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். “நா ஏறுதேன்ல. இரு, வேட்டி மாத்திட்டு வாரேன்.”

வேட்டி மாற்ற நேரம் இல்லை. ஆவுடையப்பன் செருப்பைக் கழற்றிவிட்டு (ஏன் கழற்றினார் என்று அவருக்கே தெரியாது) வண்டிக்குள் ஏறி, தானே பார்த்துப் பார்த்து வாங்கின ஸ்ட்ரெச்சரில் மல்லாந்து படுத்தார். அவர் ஸ்க்ரீனிடம் பொய் சொன்னதில்லை. மனுஷர்களிடமே அதிகம் சொன்னதில்லை. கையை நெஞ்சில் வைத்தார்.

“நெஞ்சு வலிக்கு” என்றார்.

ஸ்க்ரீன் பச்சையானது. ‘கணிப்பு உறுதி’ என்றது. அதன் குரலில் ஒரு திருப்தி இருந்த மாதிரி அவருக்குப் பட்டது. வண்டி சீறிக்கொண்டு கிளம்பியது. பயத்துக்கு நடுவிலும் ஆவுடையப்பனுக்குள் ஒரு குஷி ஊறியது. நிவேதன் கேட்ட கேஸ் இதோ ஸ்ட்ரெச்சரில் படுத்திருக்கிறது. ஒன்றுமே இல்லாத ஆள்.

வாய்க்கால் கரையில் மாடத்தி, மகள் மடியில் கிடந்தாள். காலில் ஒரு சேலைக் கிழிசல் கட்டு. ஆவுடையப்பன் எழுந்துகொண்ட ஸ்ட்ரெச்சரில் அவளைப் போட்டார்கள். ஜெபசீலி முகத்தில் மூடியைப் பொருத்தி, காற்றுப் பையை ஆவுடையப்பன் கையில் திணித்தாள்.

“அமுக்குங்க சார். விடுங்க. அமுக்குங்க. நா ஊசி போடணும், கைய நிறுத்திராதீங்க.”

ஆவுடையப்பன் அமுக்கினார். இந்தப் பையையும் அவர்தான் வாங்கினார். வாங்கும்போது நூறு தடவை அமுக்கிப் பார்த்து, ரப்பர் மட்டம் என்று இரண்டு கம்பெனிகளைத் திருப்பி அனுப்பியிருக்கிறார். அப்போது அதன் மறுமுனையில் ஆள் இல்லை. இப்போது ஒவ்வொரு அமுக்கலுக்கும் ஒரு நெஞ்சு எழும்பி அடங்கியது. தன் நெஞ்சில் ஏதோ இறுக்குவதை அவர் கவனிக்கவில்லை. கவனித்திருந்தாலும் கை வலி என்று நினைத்திருப்பார்.

“இவங்க பேர ஏத்திட்டியாம்மா?”

“ஏத்திருக்கேன் சார், துணைன்னு.”

“யாருக்குத் துணை?”

“ஒங்களுக்குத்தான். ஒரு வண்டிக்கு ஒரு பேஷண்டுதான் சார். ரெண்டாவது ஆளு ஏறுனா துணைக் கட்டத்துலதான் போட விடும். அதுவும்…”

“என் விதிதான். தெரியும், நீ ஊசியப் பாரு.”

பெரியாஸ்பத்திரியில் மாடத்தியைத் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குள் தள்ளிக்கொண்டு ஓடினார்கள். மகள் பின்னாலேயே ஓடினாள். கொஞ்ச நேரத்தில் ஜெபசீலி வெளியே வந்து, “தாங்கிருவாங்க போலருக்கு சார்” என்றாள். ஆவுடையப்பன் நேராக டூட்டி டாக்டரிடம் போனார்.

“டாக்டர், எனக்கு ஒண்ணும் இல்லன்னு எழுதித் தரணும்.”

டாக்டருக்கு இப்படி ஒரு விண்ணப்பம் வந்ததில்லை. “அத நாங்கல்ல சார் சொல்லணும்? படுங்க, ஈசிஜி எடுத்துருவோம்.”

எடுத்தார். காகிதத்தைப் பார்த்தார். வயர்களைச் சரி செய்து மறுபடியும் எடுத்தார். இரண்டையும் வெளிச்சத்தில் சேர்த்துப் பிடித்தார்.

“சார், ஒக்காராதீங்க. படுங்க. அடைப்பு இருக்க மாதிரி தெரியுது. உடனே அட்மிட் ஆகணும்.”

ஆவுடையப்பன் கூரையைப் பார்த்துக் கிடந்தார். “டாக்டர், ஒரே கேள்வி. இது செவ்வாய்க்கிழமைக்கு முன்னாலயே இருந்ததா, வண்டி வந்து நின்ன பெறகு வந்ததா?”

“ஈசிஜில தேதி தெரியாது சார்.”

“இந்த மத்தியானம் வந்ததா இருக்குமோ? காத்துப் பைய அமுக்குனதுல?”

“இருக்கலாம். பத்து வருஷமா இருந்திருக்கவும் செய்யலாம். இப்ப அதுவா முக்கியம்?”

அவருக்கு அதுதான் முக்கியமாக இருந்தது. தன் உடம்பையே முகர்ந்து, முக்கி, எடை போட்டுப் பார்க்க வேண்டும்போல இருந்தது. போன் அடித்தது. நிவேதன்.

“சார், இப்பதான் ஸ்க்ரீன்ல பார்த்தேன். கணிப்பு உறுதின்னு வருது. எங்க வண்டி மட்டும் அங்க நிக்கலன்னா?” அவன் குரல் நிஜமாகவே நடுங்கியது. அதில் சந்தேகப்பட ஒன்றும் கிடைக்காதது ஆவுடையப்பனுக்கு எரிச்சலாக இருந்தது. “நீங்க ரெஸ்ட் எடுங்க. கையெழுத்துக்கு நாளைக்கு நானே ஆஸ்பத்திரிக்கு வர்றேன்.”

நர்ஸ் ஒரு சிலேட்டு அளவு ஸ்க்ரீனோடு வந்தாள். “பேஷண்ட் ஆவுடையப்பன் நீங்கதான? துணைக்கு வந்தது மாடத்தி. சரின்னா கட்டைவிரல் வைங்க, பெட் போட்டுரலாம்.”

விரலை நீட்டினவர், பாதியில் நிறுத்தினார்.

வைத்தால் படுக்கை உண்டு, மருந்து உண்டு. எட்மாஸ்டருக்கு நடந்தது போலவே தனக்கு நடந்ததும் கணிப்பு சரி என்று கணக்கில் ஏறும். வெள்ளிக்கிழமைக்குப் பிறகு மாநிலத்தின் எல்லாத் தெருவிலும் ஏதோ ஒரு வாசலில் வண்டி நிற்கும். அதன் பின்னால் ஏதோ ஒரு வாய்க்கால் கரையில் ஒரு மாடத்தி கிடப்பாள், யாருடைய சராசரியிலும் சேராமல்.

வைக்காவிட்டால் அவர் சொல்லப்போவது உண்மையா என்று அவருக்கே தெரியாது. சந்தேகம் இருக்கிற எதிலும் அவர் இன்றுவரை விரல் வைத்ததில்லை.

“மாத்திப் போட்டிருக்கும்மா” என்றார். “பேஷண்ட் அவங்க. நான் துணைக்கு வந்தவன்.”

“அப்போ ஒங்களுக்கு பெட் இல்ல சார். துணைக்கு வந்தவங்க வெளிய பெஞ்சுல இருக்கணும்.”

“இருக்கேன்.”

டாக்டர் ஓடி வந்து ஏதேதோ சொன்னார். ஆவுடையப்பன் கேட்டுக்கொண்டார். நாளைக் காலையில் எல்லாரையும்போல வரிசையில் நின்று சீட்டு வாங்கி வருவதாகச் சொன்னார். டாக்டர் தலையில் அடித்துக்கொண்டு, நாக்குக்கு அடியில் வைக்க ஒரு மாத்திரையைக் கொடுத்துவிட்டுப் போனார். ஆவுடையப்பன் கட்டைவிரலை மாற்றின கட்டத்தில் வைத்துவிட்டு எழுந்தார். ‘கணிப்பு தவறு’ என்று ஸ்க்ரீன் சொன்னது. தைப்பொங்கலில் இருந்து அது அந்த வார்த்தையைச் சொன்னது அதுதான் முதல் தடவை.

வெளிப்பெஞ்சில் மாடத்தியின் மகள் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். அவள் கொஞ்சம் தள்ளி இடம் விட்டாள்.

சற்று நேரத்தில் ஜெபசீலி வந்தாள். முகம் சரியில்லை. “சார், எங்களுக்கு அடுத்த வீடு வந்துருச்சு.”

“எங்க?”

“அதே வீடுதான் சார். ஒங்க வீடு. ஆள் வரலன்னு ஆயிருச்சுல்லா, திரும்பப் போய் நிக்கச் சொல்லுது.”

ஆவுடையப்பனுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் நெஞ்சு பிடித்தது. அந்த வண்டி எனக்கு இல்லை என்று இப்போதுதான் விரல் வைத்துச் சொல்லிவிட்டு வந்திருக்கிறார். அங்கே வீட்டில் இன்னும் இரண்டு பேர் இருக்கிறார்கள். போனை எடுத்து செண்பகத்தைக் கூப்பிட்டார்.

“பள்ளிக்கூடத்துல இருந்து வந்துட்டியா? கேளு. வண்டி திரும்ப வந்து வாசல்ல நிக்கும். பயப்படாதீங்க. அது எனக்கு.”

“ஒங்களுக்கா? யாரு சொன்னா? என்ன செய்யுது ஒங்களுக்கு?”

“ஒண்ணும் செய்யல. ஆனா எனக்குத்தான். நிச்சயமாத் தெரியும்.”

“இருங்க, நா இப்பவே வாரேன். மாமாவுக்கு ரெண்டு நாளாச் சோறே எறங்கல, தெரியுமா? தட்டுல போட்டத காக்காய்க்கு வச்சிருக்காவ. தனக்குத்தான்னு நெனச்சுக்கிட்டு…”

போன் கை மாறுகிற சத்தம் கேட்டது.

“ஏல” என்றார் அப்பா. “நெசமாவே ஒனக்குத்தானால?”

“ஆமாப்பா. எனக்குத்தான்.”

மறுமுனையில் அப்பா நிம்மதியாக ஒரு மூச்சு விட்டது நன்றாகவே கேட்டது. பிறகுதான் அவர் அழத் தொடங்கினார்.